மறுநாளும் பிள்ளை அதே வகுப்புக்குத்தான் போக வேண்டும்

பள்ளிக்கூடத்தில் புகார் கொடுத்துவிட்டு நாம் வீட்டுக்கு வந்துவிடுவோம். பிள்ளை மறுநாள் காலையில் அதே வகுப்பில், அதே ஆசிரியர் முன்னால் போய் உட்கார வேண்டும். பெற்றோர் பலர் வாயைத் திறக்காமல் இருப்பதற்கு இதுதான் காரணம். "எதுக்குடி வம்பு, நம்ம புள்ளையத்தான் கட்டம் கட்டுவாங்க" என்பாள் என் அக்கா. அவள் சொல்வதில் நியாயம் இல்லாமலும் இல்லை. புகார் சொன்ன பிறகு பிள்ளைக்கு என்ன ஆகும் என்று யோசிக்காமல் எழுதும் எந்தக் கடிதமும் பாதிக் கடிதம்தான்.

நாங்கள் மதுரையை ஒட்டி, ரிங் ரோட்டைத் தாண்டி இருக்கிறோம். நான் ஜவுளிக் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். மகள் ஏழாம் வகுப்பு வரை தனியார் மெட்ரிக் பள்ளியில் படித்தாள். பிறகு அரசுப் பள்ளிக்கு மாற்றினோம். மகன் முதலிலிருந்தே ஊரில் உள்ள ஒன்றிய நடுநிலைப் பள்ளி. இரண்டு பக்கமும் புகார் சொல்ல வேண்டி வந்தது. தட்ட வேண்டிய கதவுகள் வேறு வேறு. ஆனால் எங்கே போனாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இதை மாற்றும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது?

மகள் ஆறாம் வகுப்பில் இருந்தபோது திங்கட்கிழமை காலைகளில் வயிறு வலிக்க ஆரம்பித்தது. ஞாயிறு ராத்திரியே முகம் சுருங்கிவிடும். குழந்தையிடம் இப்படிப்பட்டதைக் கேட்டு வாங்குவது தனி வேலை. "மிஸ் அடிச்சாங்களா? யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?" என்று நாமே பதிலை எடுத்துக் கொடுத்தால், ஆமாம் என்றோ இல்லை என்றோ ஒன்று வரும், நடந்தது வராது. தலை பின்னும்போது பேச்சு வரும், முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்பதாலோ என்னவோ. "மேத்ஸ் பீரியட்ல என்னாச்சு?" என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னாள். "ஃபீஸ் கட்டாதவங்கல்லாம் எந்திரிங்கன்னாங்க. நாலு பேரு நின்னோம். பெல் அடிக்கிற வரைக்கும் உக்காரச் சொல்லல." அன்றைக்கு ராத்திரியே அதை அவள் வார்த்தையிலேயே, தேதி போட்டு, நோட்டில் எழுதி வைத்தேன். இதை எல்லோருக்கும் சொல்வேன். இரண்டு வாரம் கழித்து முதல்வர் அறையில் உட்காரும்போது நம் கோபம்தான் ஞாபகத்தில் இருக்கும். எந்தக் கிழமை, எந்தப் பாடவேளை என்பது இருக்காது.

கேட்ட உடனே என் கணவருக்கு அந்த டீச்சரை இரண்டு கேள்வி கேட்டுவிட்டு வந்தால்தான் தூக்கம் வரும்போல இருந்தது. அவரை நிறுத்தி வைத்தது நல்லதாயிற்று. நின்ற நாலு பேரில் ஒரு பையனின் அம்மாவை எனக்குத் தெரியும். போனில் கேட்டேன், அவனும் வீட்டில் அதையேதான் சொல்லியிருக்கிறான். அதே பள்ளியில் வேலை பார்க்கும் ஒரு ஆசிரியை எங்கள் பக்கத்துத் தெரு. அவரிடம் விசாரித்தபோதுதான் உள் விஷயம் தெரிந்தது. ஆபீஸிலிருந்து மாதக் கடைசியில் பாக்கிப் பட்டியல் வகுப்பாசிரியர்களுக்கு வருமாம். யார் வகுப்பில் வசூல் குறைவோ அவர் ஒருங்கிணைப்பாளரிடம் பதில் சொல்ல வேண்டும். "எங்க சம்பளமே அது வந்தாத்தான்க்கா" என்றார். அந்த மிஸ் செய்தது தப்புதான். ஆனால் அந்தத் தப்பை மாதாமாதம் கேட்டு வாங்கியது வேறு ஆள். மிஸ்மேல் புகார் எழுதியிருந்தால் மிஸ்ஸுக்குத் திட்டு விழுந்திருக்கும். பட்டியல் அடுத்த மாதமும் வந்திருக்கும். நடுவில் மாட்டியிருப்பது என் மகள்.

அதனால் கடிதத்தை முதல்வருக்கு எழுதி, தாளாளருக்கு ஒரு நகல் வைத்தேன். தனியார் பள்ளியில் பணம் சம்பந்தப்பட்ட எதுவும் தாளாளர் சொல்லாமல் நகராது. ஆசிரியையின் பெயர் கடிதத்தில் இல்லை. கிட்டத்தட்ட இப்படி இருந்தது:

"மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கு, வணக்கம். என் மகள் ஆறாம் வகுப்பு 'பி' பிரிவில் படிக்கிறாள். சென்ற செவ்வாய்க்கிழமை இரண்டாம் பாடவேளையில், கட்டணம் பாக்கி உள்ள மாணவர்களைப் பாடவேளை முடியும்வரை நிற்க வைத்ததாக என் மகள் சொன்னாள். பாக்கித் தொகையை இம்மாதம் 28-க்குள் கட்டிவிடுகிறோம். கட்டணம் பற்றிய எந்தத் தகவலையும் பெற்றோராகிய எங்களிடம் மட்டும் கேட்க வேண்டும் என்றும், வகுப்பறையில் குழந்தைகளிடம் கேட்பதை எல்லா வகுப்புகளிலும் நிறுத்த வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறோம். இது குறித்து நேரில் பேச வரும் வாரத்தில் ஒரு நேரம் ஒதுக்கித் தரவும்."

அவ்வளவுதான். வேன் தினமும் தாமதமாக வருவது, தண்ணீர்த் தொட்டி, புத்தகத்துக்குத் தனியாக வாங்கிய பணம், எல்லாம் பேனா நுனியில் நின்றன. ஒன்றையும் சேர்க்கவில்லை. ஒரு கடிதத்தில் ஐந்து குறை எழுதினால், செய்வதற்கு எளிதான ஒன்றைச் செய்துவிட்டு "உங்கள் புகார் கவனிக்கப்பட்டது" என்று முடித்துவிடுவார்கள். "நடவடிக்கை எடுக்கவும்" என்று எழுதுவதும் வீண். என்ன செய்யச் சொல்கிறோம் என்று நாம் எழுதாவிட்டால் அவர்கள் எதைச் செய்தாலும் நடவடிக்கைதான். "எல்லா வகுப்புகளிலும்" என்று வேண்டுமென்றே போட்டேன். அது இருந்தால் விஷயம் என் மகளைப் பற்றியதாக இல்லாமல் பள்ளியின் வழக்கத்தைப் பற்றியதாக ஆகிவிடுகிறது.

சட்டத்தை முதல் கடிதத்தில் எழுதவில்லை. கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17 குழந்தையை அடிப்பதை மட்டுமல்ல, மனத்தளவில் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. வகுப்பில் நிற்க வைத்து அவமானப்படுத்துவதை அதன்கீழ் கேட்கலாம். அது எனக்குத் தெரியும் என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டிய நேரம் இரண்டாவது கடிதம். முதலிலேயே பிரிவு எண்ணைப் போட்டால் கடிதம் நேராக வக்கீல் கைக்குப் போய்விடும், அதன்பிறகு நம்மோடு மனிதர்கள் யாரும் பேச மாட்டார்கள்.

கடிதத்தைக் கொடுத்துவிட்டு நகலில் தேதியும் முத்திரையும் வாங்க வேண்டும். முன் அலுவலகத்தில் இருந்த பெண், "சீல்லாம் போட மாட்டோம்மா, குடுத்துட்டுப் போங்க" என்றார். "சரிங்க, அப்ப நான் தபால்லயே அனுப்பிக்கிறேன்" என்று சிரித்துக்கொண்டே கடிதத்தைத் திரும்ப வாங்கினேன். உள்ளே போய்விட்டு முத்திரையோடு வந்தார். இதற்கும் மசியாவிட்டால் உண்மையிலேயே தபாலில் அனுப்பிவிட வேண்டியதுதான். பதிவுத் தபாலை 2025-இல் ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள். கவுன்ட்டரில் ஒப்புகை வேண்டும் என்று கேட்டு அனுப்பி, ரசீதைக் கடித நகலோடு சேர்த்துப் பின் அடித்து வைக்கலாம்.

முதல்வரைப் பார்க்க இரண்டு பேராகப் போனோம். ஒருவர் பேச, ஒருவர் குறித்துக்கொள்ள. எங்கள் வீட்டில் குறித்துக்கொள்ளும் வேலை என் கணவருக்கு; அவர் குரல் சீக்கிரம் உயரும். உட்கார்ந்ததும் முதல்வர் சொன்ன முதல் வார்த்தை, "டைமுக்கு ஃபீஸ் கட்டுனா இந்தப் பிரச்சனையே இல்லையேம்மா." இந்த இடத்தில்தான் பெரும்பாலும் பேச்சு தடம் மாறும். நாம் நம் குடும்பக் கஷ்டத்தைச் சொல்ல ஆரம்பிப்போம், அவர் பள்ளியின் கஷ்டத்தைச் சொல்வார், கடைசியில் தவணை கேட்டு வாங்கிக்கொண்டு வெளியே வருவோம். வந்த காரியம் அப்படியே கிடக்கும். "பாக்கி எங்களோடது சார். அதுக்கு எங்களக் கேளுங்க, எத்தன தடவ வேணும்னாலும் கேளுங்க. புள்ளைகள நிக்க வைக்காதீங்க" என்றேன். அதையே வேறு வேறு மாதிரி திரும்பத் திரும்பச் சொன்னேன். கடைசியில், "சரி, கிளாஸ்ல கேக்க வேணாம்னு சொல்லிடுறேன்" என்றார். வெளியே வந்த கையோடு பள்ளியின் எண்ணுக்கு ஒரு செய்தி அனுப்பினேன்: "இன்று நேரம் ஒதுக்கியதற்கு நன்றி சார். வகுப்பில் கட்டணம் குறித்துக் கேட்பதில்லை என்று நீங்கள் சொன்னது நிம்மதியாக இருந்தது." நன்றியும் சொன்ன மாதிரி ஆயிற்று, அவர் சொன்னது எழுத்திலும் ஏறிவிட்டது.

பட்டியல் வாசிப்பது நின்றது. ஆனால் எல்லோரும் பயப்படுவது எதுவோ அதுவும் நடந்தது. மிஸ் என் மகளிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டார். கை தூக்கினால் பார்க்கவில்லை. "உனக்கு ஏதாச்சும் சொன்னா உங்கம்மா வருவாங்க" என்று ஒரு தடவை எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்கிறார். முதல்வரிடம் திரும்பப் போனால் இது இன்னும் முறுகும் என்று தோன்றியது. பெற்றோர் கூட்டத்தன்று நேராக மிஸ்ஸிடமே போய் உட்கார்ந்தேன். கடித நகலைக் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். தன்மேல் புகார் போயிருப்பதாகத்தான் அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். கடிதத்தை யாரும் காட்டவில்லை. படித்துவிட்டு, "எம்பேரே இல்லையேங்க" என்றார். பிறகு அவரே பட்டியலைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். அடுத்த வாரத்திலிருந்து வகுப்பு சகஜமானது. கடிதத்தில் ஆசிரியை பெயர் இருந்திருந்தால் அந்த நகலை நான் எப்படி அவர் கையில் கொடுத்திருக்க முடியும்? (கட்டணத்துக்கு அதன்பிறகு என் போனுக்கு நேரம் காலம் இல்லாமல் செய்தி வந்தது. கேட்டு வாங்கியதுதானே, வரட்டும் என்று விட்டுவிட்டேன்.)

போவதற்கு முன்னால் மகளிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன். முதலில் "வேணாம்மா" என்றாள். என்ன பேசப் போகிறேன், யார் பெயரைச் சொல்ல மாட்டேன் என்பதையெல்லாம் விளக்கினேன். மிஸ் திடீரென்று ஏதாவது கேட்டால் குழந்தை திருதிருவென்று முழிக்கக் கூடாது. தனக்குத் தெரியாமல் அம்மா ஏதோ செய்துவிட்டாள் என்று நினைத்துவிட்டால், அடுத்த தடவை அவள் எதையும் நம்மிடம் சொல்ல மாட்டாள்.

வகுப்பு வாட்ஸ்அப் குழு பற்றி ஒரு வார்த்தை. எங்கள் குழுவில் ஒரு தாய் வேறொரு விஷயத்துக்காகக் கோபமாக ஒரு ஆடியோ போட்டார். அரை மணி நேரத்தில் அது தாளாளர் போனில் இருந்தது. முதலில் "ஆமா ஆமா" என்று கைதட்டிய யாரும் மறுநாள் துணைக்கு வரவில்லை. பேச்சு குறையைப் பற்றி இல்லாமல் அந்தத் தாய் பேசிய விதத்தைப் பற்றியே சுற்றியது. மற்ற பிள்ளைகளுக்கும் நடந்ததா என்று தெரிய வேண்டுமானால் இரண்டு பேருக்குத் தனியாகப் போன் செய்தால் போதும். குழு காலை வணக்கப் படங்களுக்கும், நாளைக்குக் கலர் டிரஸ்ஸா யூனிஃபார்மா என்று கேட்பதற்கும் இருக்கட்டும்.

இவ்வளவு நேரம் சொன்ன பொறுமை எல்லாவற்றுக்கும் பொருந்தாது.

அடி விஷயத்தில் நம் ஊரில் பெற்றோரே பாதிக் குற்றவாளிகள். "கண்ண மட்டும் விட்டுட்டுத் தோல உரிச்சிடுங்க சார்" என்று பிள்ளையைச் சேர்க்கும்போதே வாசலில் அனுமதி கொடுத்துவிட்டு வரும் வழக்கம் இன்னும் போகவில்லை. அந்த அனுமதிக்குச் சட்டத்தில் மதிப்பே கிடையாது. தமிழ்நாட்டில் 2003-லேயே கல்வி விதிகளில் விதி 51-ஐத் திருத்திப் பள்ளியில் அடிப்பதைத் தடை செய்தார்கள். மத்தியச் சட்டம் வந்தது அதற்குப் பிறகுதான். உடம்பில் தடம் இருந்தால் அன்றைக்கே படம் எடுத்து, அரசு மருத்துவமனையில் காட்டிப் பதிவு செய்துவிட வேண்டும். வகுப்பாசிரியர், ஒருங்கிணைப்பாளர் என்று படி ஏறிக்கொண்டிருந்தால் முதல்வரைப் பார்ப்பதற்குள் தடம் மறைந்துவிடும். நேராகப் பள்ளித் தலைமைக்கும் கல்வி அலுவலருக்கும் ஒரே நாளில் எழுதலாம்.

பாலியல் தொல்லை என்றால் பள்ளிக்கூடப் படியையே மிதிக்க வேண்டியதில்லை. 1098 குழந்தைகள் உதவி எண், அல்லது காவல் நிலையம். போக்சோ சட்டம் 2012-இன்படி, நடந்தது தெரிந்த எவரும் காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும். தனக்குக் கீழே வேலை பார்ப்பவர் செய்த குற்றத்தைச் சொல்லாமல் மறைக்கும் நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. "நாங்க உள்ளுக்குள்ளேயே விசாரிச்சிடுறோம், பொம்பளப் புள்ள விஷயம், வெளிய போனா உங்களுக்குத்தான் அசிங்கம்" என்று பள்ளி நைச்சியமாகப் பேசினால், அது நம் பிள்ளைக்காகச் சொல்வதல்ல. குழந்தையின் வாக்குமூலத்தை வீட்டிலேயே வந்து வாங்கலாம். கூடியவரை பெண் அதிகாரி, சீருடை இல்லாமல் வர வேண்டும். 24 மணி நேரத்துக்குள் காவல்துறை குழந்தைகள் நலக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். நாம் செய்யக் கூடாதவை இரண்டு. மாமா, சித்தப்பா என்று வருகிறவர்கள் முன்னாலெல்லாம் குழந்தையைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பது. பெயரோ, வகுப்போ, அடையாளம் தெரியும் எதையாவது எங்கேயும் பகிர்வது.

மற்றக் குறைகளுக்குப் பள்ளிக்குள்ளே பதில் கிடைக்காவிட்டால் வெளியே போகலாம். இங்கே பலர் நினைப்பது மேலே போகப் போகப் பலம் கூடும் என்று. என் அனுபவத்தில் மனு மேலே போவதைவிடக் கீழே இறங்கி வருவதுதான் முக்கியம். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்தாலும் சரி, 1100-க்குப் போன் செய்து முதலமைச்சரின் 'முதல்வரின் முகவரி' துறையில் பதிந்தாலும் சரி, அந்த மனு முதன்மைக் கல்வி அலுவலருக்குப் போய், அங்கிருந்து மாவட்டக் கல்வி அலுவலருக்கு வந்து, கடைசியில் நம் பள்ளித் தலைமை ஆசிரியர் மேசைக்கே "அறிக்கை தரவும்" என்று வந்து நிற்கும். அதாவது ஆட்சியருக்கு நாம் எழுதுவதை உண்மையில் வரி வரியாகப் படிக்கப் போகிறவர் யாரைப் பற்றி எழுதினோமோ அவர்தான். அதை நினைவில் வைத்து எழுத வேண்டும். வசவு இருந்தால் பதில் அறிக்கை வசவைப் பற்றியே இருக்கும். தேதியும், ஏற்கெனவே முத்திரை வாங்கிய நகலும் இருந்தால் "இப்படி ஒரு புகார் வரவே இல்லை" என்று எழுத முடியாது. அந்த முத்திரையின் அருமை அப்போதுதான் தெரியும்.

தனியார் பள்ளிகளுக்கென்றே மாவட்டக் கல்வி அலுவலர் பணியிடம் 2022-இல் தனியாக உருவாக்கப்பட்டது. முன்பு போல எந்த அலுவலகம் என்று அலைய வேண்டாம். நிர்ணயித்ததைவிடக் கூடுதல் கட்டணம் என்றால் அது ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையிலான கட்டண நிர்ணயக் குழுவின் வேலை. 2009-இல் வந்த சட்டம் அது. ஆனால் ரசீது இல்லாமல் அங்கே போய் ஒன்றும் ஆகாது. ரசீது தராமல் வாங்கும் பணத்துக்கு ரசீது கேட்பதுதான் முதல் புகார். பள்ளிப் பேருந்தின் நிலைமைக்குக் கல்வி அலுவலகம் போகாதீர்கள், வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் போங்கள். 2012-இல் தாம்பரம் அருகே பேருந்தின் தரை ஓட்டை வழியாக ஒரு சிறுமி விழுந்து இறந்த பிறகு, பள்ளிப் பேருந்துகளுக்கென்று தனி விதிகளே வந்தன. கோடை விடுமுறையில் எல்லாப் பேருந்தையும் மைதானத்தில் நிறுத்திச் சோதிக்கிறார்கள். சிபிஎஸ்இ பள்ளி என்றால் அங்கீகார விதிமீறலைச் சென்னை அண்ணா நகரில் உள்ள வாரியத்தின் மண்டல அலுவலகத்துக்கும் எழுதலாம். யாரைக் கேட்பது என்றே புரியாதபோது 14417, பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண்.

மனு கொடுத்து மாதக் கணக்கில் சத்தமே இல்லாவிட்டால் தகவல் உரிமைச் சட்டம் கை கொடுக்கும். வெள்ளைத்தாளில் பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, முதன்மைக் கல்வி அலுவலர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு, "இன்ன தேதியிட்ட என் மனுமீது எடுத்த நடவடிக்கையின் விவரமும், பள்ளி அளித்த அறிக்கையின் நகலும் தரவும்" என்று கேட்டால் போதும். 30 நாளில் பதில் தர வேண்டும். எங்கள் தெருவில் ஒருவருக்குப் பதில் வருவதற்கு முன்பே விசாரணைக்கு வரச் சொல்லிப் போன் வந்தது.

மகனின் பள்ளிக் கதை வேறு. ஆண் பிள்ளைகள் கழிப்பறை பூட்டியே கிடந்தது. சுவருக்குப் பின்னால் போவார்கள். பெண் பிள்ளைகள் கழிப்பறையில் தண்ணீர் வராது. அவர்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமலே இருந்து பழகிவிட்டார்கள். ஊரில் சிலர் தலைமை ஆசிரியைமேல் சி.இ.ஓ.வுக்கு, அதாவது முதன்மைக் கல்வி அலுவலருக்கு, பெட்டிஷன் போடலாம் என்றார்கள். சிலர் மறியலே செய்துவிடலாம் என்றார்கள். மறியல் செய்தால் வட்டாட்சியர் வருவார், பேச்சுவார்த்தை நடக்கும், பத்திரிகையில் படமும் வரும், எனக்கும் தெரியும். ஆனால் அந்தப் படத்தில் சீருடையோடு தார் ரோட்டில் உட்கார்ந்திருப்பது பெரியவர்கள் இல்லை. எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

பெட்டிஷன் போட்டால் தலைமை ஆசிரியைக்குத் துறை நடவடிக்கைக்கான 17பி குறிப்பாணை வந்திருக்கும். கழிப்பறை கழுவ ஆள் வந்திருக்க மாட்டார். ஒன்றியப் பள்ளிக்குத் தூய்மைப் பணியாளர் ஏற்பாடும் கட்டடப் பராமரிப்பும் பெரும்பாலும் ஊராட்சி, ஒன்றிய அலுவலகத்தின் கையில். அந்த டீச்சர் தன் கைக்காசைக் கொடுத்து வாரம் ஒரு தடவை யாரையோ கூப்பிட்டுக் கழுவிக்கொண்டிருந்தார் என்பதே பேசும்போதுதான் தெரிந்தது. "நான் எழுதுனா ஃபைல்ல வச்சிருவாங்கம்மா. நீங்க தீர்மானம் போட்டுக் குடுங்க, அதக் கொண்டுபோயி நான் நிப்பேன்" என்றார்.

பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று இருப்பது பல பெற்றோருக்குப் பெயரளவில்தான் தெரியும். கல்வி உரிமைச் சட்டத்தின் பிரிவு 21 அது. நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். 2022 மார்ச் 20 அன்று தமிழ்நாடு முழுக்க அரசுப் பள்ளிகளில் பெற்றோரை ஒரே நாளில் கூட்டினார்கள்; அதைத் தொடர்ந்து 20 பேர் கொண்ட குழுக்கள் அமைந்தன, தலைவர் பெற்றோரில் ஒருவர். 2024-இல் மறுபடி அமைத்தார்கள். முதலில் எல்லாம் கையெழுத்துக்குத்தான் கூப்பிடுவார்கள், போய்ப் போட்டுவிட்டு வருவோம் என்று இருந்த பெண்கள்தான் கழிப்பறை விஷயத்தில் பேசினார்கள். வார்டு உறுப்பினரும் குழுவில் இருப்பதால் அவர் முன்னாலேயே பேச முடிந்தது.

தீர்மானத்தை எழுதும்போதும் அதே பாடம். "கழிப்பறை வசதி மேம்படுத்தப்பட வேண்டும்" என்று யாரோ சொன்னார்கள். வேண்டாம் என்று, கதவுகளின் எண்ணிக்கை, குழாய் எங்கே உடைந்திருக்கிறது, தினமும் சுத்தம் செய்ய ஒரு பணியாளரை ஒன்றிய அலுவலகம் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று தனித்தனியாக எழுதினோம். பள்ளிக் கல்வித் துறையின் பெற்றோர் செயலியில் அதை ஏற்றினார்கள். நகலை வட்டார வளர்ச்சி அலுவலரிடம் தலைமை ஆசிரியையோடு நாங்கள் சிலரும் போய்க் கொடுத்தோம். அக்டோபர் 2 கிராம சபையில் அதையே மறுபடி வாசித்துத் தீர்மானமாகப் பதிய வைத்தோம். கதவும் குழாயும் பொங்கலுக்குள் வந்துவிட்டன. பணியாளர் வந்தார், சம்பளம் மூன்று மாதம் இழுத்தடித்ததில் நின்றார், மறுபடி தீர்மானம், மறுபடி ஒன்றிய அலுவலகம். இப்போது வருகிறார்.

மகளைக் கடைசியில் அந்த மெட்ரிக் பள்ளியிலிருந்து எடுத்துவிட்டோம். கட்டணம் எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை, சண்டை ஒன்றுமில்லை. மாற்றுச் சான்றிதழ் கேட்டு எழுதிக் கொடுத்தபோது, அடுத்த வருடத்து முதல் பருவக் கட்டணத்தைக் கட்டினால்தான் டி.சி. என்றார்கள். 14 வயது வரை உள்ள பிள்ளை அரசுப் பள்ளிக்கு மாறக் கேட்டால் உடனே டி.சி. தர வேண்டும் என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் பிரிவு 5. டி.சி. தாமதமானால் புதிய பள்ளி சேர்க்கையை மறுக்கவும் கூடாது. இந்த முறை பிரிவு எண்ணை முதல் கடிதத்திலேயே எழுதினேன்; பிள்ளை திரும்ப அந்த வகுப்புக்குப் போகப் போவதில்லையே. நாங்கள் மாற்றியதற்கு அடுத்த வருடம், 2024 ஜூலையில், சென்னை உயர் நீதிமன்றமும் டி.சி. கட்டணம் வசூலிக்கும் கருவி அல்ல என்றும், அதில் பாக்கி விவரத்தை எழுதக் கூடாது என்றும் சொன்னது.

டி.சி. காகிதம் கைக்கு வந்தால் மட்டும் வேலை முடியாது. மாணவர் விவரங்களைப் பள்ளிக் கல்வித் துறை பதிந்து வைக்கும் எமிஸ் தளத்தில் பிள்ளையின் பெயரைப் பழைய பள்ளி பொதுத் தொகுப்புக்கு விடுவிக்க வேண்டும். அதைச் செய்யாமல் இழுத்தால் புதிய பள்ளியில் பெயர் ஏறாது. விலையில்லாப் பொருள்கள் முதல் உதவித்தொகை வரை எல்லாம் பிள்ளையின் எமிஸ் எண்ணில்தான். அதையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள். சான்றிதழை வாங்கியதும் பெயர், இனிஷியல், பிறந்த தேதி, சாதிப் பிரிவு எல்லாவற்றையும் பிறப்புச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ்களோடு வைத்து அங்கேயே நின்று சரிபாருங்கள். எங்களுக்கு இனிஷியல் மாறியிருந்தது. கவுன்ட்டரிலேயே திருத்தி, முதல்வர் கையெழுத்தும் முத்திரையும் திருத்தத்தின் மேல் வாங்கிக்கொண்டு வந்தோம்.